கட்டடம் போன பிறகு கலை எதை வைத்துக்கொள்கிறது?

வார்சாவின் பழைய நகர்ப் பகுதியில் நடந்து போனால் பதினெட்டாம் நூற்றாண்டுக்குள் நுழைந்துவிட்டது போல இருக்கும். ஒட்டி ஒட்டி நிற்கும் வீடுகள், மங்கிய மஞ்சளும் பச்சையுமான பூச்சு, ஜன்னலைச் சுற்றிய பூவேலை, எல்லாமே பழசாகத் தெரியும். அவற்றில் பெரும்பாலானவை 1945-க்குப் பிறகு எழுந்தவை. 1944 ஆகஸ்டில் தொடங்கிய எழுச்சியை நசுக்கிய கையோடு நாஜிப் படைகள் நகரைத் தெருத் தெருவாகக் கொளுத்தின, வெடிவைத்துத் தகர்த்தன. வரலாற்றுப் பகுதியில் 85 சதவீதத்துக்கும் மேல் அழிந்துபோனது. அதைத் திரும்பக் கட்ட உட்கார்ந்தவர்கள் எடுத்துப் பார்த்தவற்றில் ஒன்று, ஏறக்குறைய 170 ஆண்டுகளுக்கு முன்பு ஓர் இத்தாலியர் வரைந்து வைத்திருந்த எண்ணெய் வண்ண ஓவியங்கள்.

அவர் பெயர் பெர்னார்டோ பெல்லோட்டோ. வெனிஸ் நகரக் காட்சிகளை வரைந்து புகழ்பெற்ற கனலெட்டோவின் மருமகன், அவரிடமே தொழில் கற்றவர். மாமாவின் பெயரையே தன் பெயராகவும் போட்டுக்கொண்டார். 1768-ல் போலந்து மன்னர் ஸ்தானிஸ்வாவ் அவுகுஸ்தின் அரசவை ஓவியரானார். 1780-ல் இறக்கும் வரை வார்சாவின் தெருக்களையும் சதுக்கங்களையும் ஒவ்வொன்றாக வரைந்தார். கல் கல்லாக, ஜன்னல் ஜன்னலாக வரைகிற கை. போரில் நாஜிகள் கொள்ளையடித்துப் போன அந்த ஓவியங்கள் பிறகு திரும்பி வந்தன. இன்று மீட்டுக் கட்டப்பட்ட அரண்மனையில், ‘கனலெட்டோ அறை’ என்ற ஒரே அறையில் 22 ஓவியங்கள் தொங்குகின்றன.

இதில் ஒரு சிக்கல் உண்டு, என்னை இழுப்பதும் அதுதான். பெல்லோட்டோ நிழற்படக் கருவி இல்லை. தனக்கு அழகாகப் படாத முகப்பைக் கொஞ்சம் சீர் செய்வார், அலங்காரத்தைக் கூட்டுவார், காட்சி நன்றாக அமைய விகிதத்தை மாற்றுவார். அவர் ஓவியத்தைப் பார்த்துக் கட்டிய இடங்களில் அந்தத் திருத்தங்களும் சேர்ந்தே கல்லாகிவிட்டன. அதாவது, ஒருபோதும் அப்படி நின்றிராத சில முகப்புகள் இன்று வார்சாவில் நிற்கின்றன. கட்டியவர்களின் தேர்வும் இதில் கலந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏற்றிய கூடுதல் மாடிகளையும் நெருக்கமான குடியிருப்புகளையும் அவர்கள் திரும்பக் கொண்டுவரவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டோடு நிறுத்திக்கொண்டார்கள். போருக்கு முந்தைய நாள் அங்கே குடியிருந்த ஒருவர் எழுந்து வந்து பார்த்தால், தன் தெரு தன்னைவிட வயதில் மூத்துப் போயிருப்பதைக் காண்பார்.

ஓவியத்தை மட்டும் நம்பியிருந்தார்கள் என்று சொன்னால் அது கதையாகிவிடும். போருக்கு முன்பே வார்சா பாலிடெக்னிக்கின் கட்டடக்கலை மாணவர்களும் ஆசிரியர்களும் பழைய கட்டடங்களை அளந்து, அளவுப்படங்களாக வரைந்து சேர்த்திருந்தார்கள். ஆக்கிரமிப்புக் காலத்தில் அந்தத் தாள்களை நகரத்துக்கு வெளியே கடத்திப் போய், பியோத்ர்குவ் என்ற ஊரின் மடாலயத்தில் ஒளித்து வைத்தார்கள். உண்மையில் சுவர்களை நேராக எழுப்ப உதவியவை இந்த அலங்காரமில்லாத கோட்டுப் படங்கள்தான். ஆனால் ஊர் உலகத்துக்குச் சொல்லும்போது பெல்லோட்டோவின் பெயர்தான் முன்னால் வருகிறது. பயிற்சிக்காக அளவெடுத்த மாணவரின் பெயரை யார் கேட்கப் போகிறார்கள்? 1980-ல் யுனெஸ்கோ இந்தப் பகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பழமைக்காக அல்ல, திரும்பக் கட்டிய செயலுக்காக.

கட்டடம் போன பிறகு கலை எதைத்தான் வைத்துக்கொள்கிறது என்ற கேள்வி இங்கிருந்தே எழுகிறது. ‘கட்டடத்தை’ என்பது எளிய பதில். ஒவ்வொரு கலையும் கட்டடத்தின் ஒரு பங்கை மட்டும்தான் எடுத்துக்கொள்கிறது. எந்தப் பங்கு என்பதை, பார்த்தவரின் கண்ணும் பணம் கொடுத்தவரின் தேவையும் கையிலிருந்த கருவியும் சேர்ந்து முடிவு செய்கின்றன.

சொல்லையே எடுத்துக்கொள்வோம். பட்டினப்பாலையில் புகார்த் துறைமுகம் இருக்கிறது. மலைபோல் குவிந்த பண்டங்கள், அவற்றின் மேல் பொறித்த புலிச் சின்னம், காவல், ஆரவாரம் எல்லாம் இருக்கின்றன. அந்தப் பாட்டை வைத்துக்கொண்டு அங்கே ஒரு சுங்கச்சாவடி எப்படி இயங்கியது என்று சொல்லலாம். ஒரு பண்டகசாலையின் சுவர் எத்தனை முழம் என்று சொல்ல முடியாது. பெல்லோட்டோவிடம் கேட்டால் நேர் எதிராகச் சொல்வார்.

அளவும் வண்ணமும் தனித்தனி ஆட்களிடமிருந்து வந்து சேர்ந்த ஒரு கட்டடமும் உண்டு. போலந்து-லிதுவேனிய நிலப்பகுதியில் மரத்தால் கட்டிய யூதத் தொழுகைக்கூடங்கள் பல இருந்தன. உள்ளே கூடாரம் போல உயர்ந்த கூரை, அதன் ஒவ்வோர் அங்குலத்திலும் விலங்குகள், கொடிகள், எழுத்துகள். முதல் உலகப் போரில் சில போயின. இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் மிச்சத்தையும், அவற்றில் தொழுத மக்களையும் சேர்த்தே அழித்தார்கள். அவற்றில் ஒன்று, இன்று உக்ரைனுக்குள் இருக்கும் குவோஜ்ஜியெட்ஸ் ஊர்க் கூடம். அதன் உட்புறத்தை அலோயிஸ் பிரையர் என்ற ஆய்வாளர் முதல் உலகப் போருக்கு முன்பே அளந்து, கறுப்பு வெள்ளைப் படங்கள் எடுத்திருந்தார். வண்ணம் தெரிய வேண்டுமே? அதற்கு ஐசிடோர் காஃப்மன் என்ற ஓவியர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே உட்கார்ந்து தீட்டியது கைகொடுத்தது.

இந்தத் துண்டுகளை வைத்து, அமெரிக்காவின் ஹேண்ட்ஸ்ஹவுஸ் ஸ்டூடியோ என்ற அமைப்பின் தலைமையில், பல நாடுகளிலிருந்து வந்த தச்சர்களும் மாணவர்களும் 2011-லிருந்து அந்தக் கூரையையும் வண்ண விதானத்தையும் மறுபடி உருவாக்கினார்கள். மின்சார ரம்பம் வேண்டாம் என்று முடிவு செய்து கோடரி, கைரம்பம், இழைப்புளி கொண்டே மரத்தை அறுத்துச் செதுக்கினார்கள். இன்று அது வார்சாவில், போலந்து யூதர்களின் வரலாற்றைச் சொல்லும் ‘போலின்’ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்த வேலையில் கட்டடம் திரும்பி வந்ததை விட, எந்த மர இணைப்பை எந்த வரிசையில் பொருத்த வேண்டும், பச்சை மரம் காயும்போது எங்கே முறுக்கும் என்ற கைப்பழக்கம் திரும்பி வந்ததுதான் பெரிது. அந்த அறிவு எந்தப் படத்திலும் இல்லை. கூரையைச் செய்து பார்த்ததால்தான் கிடைத்தது. அதில் தொழுதவர்கள் திரும்பவில்லை என்பதையும் அந்த அருங்காட்சியகம் மறைப்பதில்லை. கூரை தரையில் ஊன்றாமல், நவீனக் கூடத்துக்குள் தொங்கவிடப்பட்டிருக்கிறது.

இனி, இடிப்பவனே படம் எடுக்கச் சொன்ன கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பாரிஸின் பழைய சந்துகளை உடைத்து அகலமான பூல்வார்டுகளைப் போட்டவர் ஓஸ்மான். சார்ல் மார்வில் என்ற நிழற்படக்காரர் 1862-ல் பாரிஸ் நகரின் அதிகாரபூர்வ நிழற்படக்காரரானார். மறையப்போகும் தெருக்களைப் படமெடுக்கச் சொல்லி ஓஸ்மான் நிர்வாகத்தின் வரலாற்றுப் பணிப் பிரிவே அவரை அமர்த்தியது. 400-க்கும் மேற்பட்ட படங்கள். ஈரக் கல்பாவிய சந்து, சாய்ந்த சுவர், நடுவில் ஓடும் சாக்கடை, கோணலான விளக்குக் கம்பம். இன்றைக்குப் பார்க்கிறவர்கள் ஐயோ, இதையா இடித்தார்கள் என்பார்கள். அன்றைக்குப் பார்த்த நகராட்சிக்காரர் இதே படத்தை, இதனால்தான் இடிக்கிறோம் என்று காட்டியிருக்க முடியும். அதே மார்வில் 1878 உலகக் கண்காட்சிக்காகப் புதிய தெருக்களையும் எடுத்துக் கொடுத்தார்.

அந்தப் படங்களில் ஆட்கள் அரிது. காரணம் கவித்துவமானது அல்ல. அன்றைய கண்ணாடித் தகட்டில் ஒளி பதிய நேரம் பிடிக்கும், நகர்கிறவர்கள் பதியமாட்டார்கள். ஆனால் விளைவு பெரியது. ஆயிரக்கணக்கான ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த தெருக்கள் ஆளில்லாத தெருக்களாக நினைவில் தங்கிவிட்டன. யாரையும் வெளியேற்றாமலே வீடுகளை மட்டும் இடித்தது போன்ற ஒரு தோற்றம். மார்வில் பொய் சொல்லவில்லை. கருவிக்கு அசையாதது மட்டும்தான் தெரிந்தது.

அவருக்குப் பின்னால் வந்த யூஜேன் அத்ஜே தன் வாசலில் ‘கலைஞர்களுக்கான ஆவணங்கள்’ என்று பலகை மாட்டியிருந்தார். ஓவியர்களுக்கும் நாடக அரங்கம் அமைப்பவர்களுக்கும் நூலகங்களுக்கும் பழைய பாரிஸின் படங்களை விற்றுப் பிழைத்தார். கலைஞர் என்று தன்னை அவர் அழைத்துக்கொள்ளவில்லை. 1927-ல் அவர் இறந்த பிறகு, அமெரிக்கரான பெரனீஸ் ஆபட் அந்தத் தொகுப்பின் பெரும் பகுதியை வாங்கிக் காப்பாற்றினார். பிறகு நியூயார்க்குக்குத் திரும்பி, 1930களில் அந்த நகரம் தன்னையே இடித்துக் கட்டிக்கொண்டிருந்ததைப் படமெடுத்தார். ஒருவர் பழகிய பார்வை இன்னொரு நகரத்துக்குக் கடல் தாண்டிப் போன விதம் இது.

லண்டனில் 1875-ல் தொடங்கிய ஒரு சிறு சங்கத்தை இங்கே சொல்லாமல் போக முடியாது. செயின்ட் பால் தேவாலயத்துக்கு அருகே ‘ஆக்ஸ்ஃபர்ட் ஆர்ம்ஸ்’ என்ற பழைய சத்திரம், குதிரை வண்டிகள் வந்து தங்கிய இடம், இடிபடப் போகிறது என்று தெரிந்ததும் சிலர் பணம் திரட்டி அதைப் படமெடுக்க வைத்தார்கள். பிறகு வேலை நீண்டு, 1886 வரை 120 படங்களாயிற்று. அவர்கள் செய்த புத்திசாலித்தனம் ஒன்று: சாதாரணப் பிரதி மங்கிவிடும் என்பதால் கரிப்பொடி நிறமியில் அச்சாகும் கார்பன் பிரதிகளையே எடுத்தார்கள். இன்றும் அவை கறுப்பு மாறாமல் இருக்கின்றன. எதைப் படமெடுப்பது என்று யோசித்தவர்கள் நிறையப் பேர். எதில் அச்சடித்தால் நிற்கும் என்று யோசித்தவர்கள் கொஞ்சம்தான்.

இன்னும் விழாத கட்டடத்தை விழுந்ததாக வரைகிற ஒரு வழக்கமும் ஐரோப்பாவில் இருந்தது. உபேர் ரோபேர் 1796-ல் லூவ்ர் அருங்காட்சியகத்தின் பெரிய கூடத்தைக் கூரை பிளந்த இடிபாடாக வரைந்தார். அந்தக் கூடம் இன்றைக்கும் நன்றாகவே இருக்கிறது. என்னைக் கேட்டால் இந்த வகையில் தலைசிறந்தது ஜோசப் கேண்டி 1830-ல் வரைந்த பேங்க் ஆஃப் இங்கிலாந்துதான். வங்கியை 45 ஆண்டுகள் கட்டியும் விரித்தும் வந்த கட்டடக்கலைஞர் ஜான் சோனுக்காக வரைந்தது. வானத்திலிருந்து பார்க்கிற கோணம். கூரைகள் இல்லை, சுவர்கள் பாதிப் பாதியாக நிற்கின்றன. ரோமானிய இடிபாடு என்றே முதலில் தோன்றும். இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அது உண்மையில் ஒரு வெட்டுத்தோற்றம் என்று புரியும். கூரையை எடுத்துவிட்டதால் அறைகளின் அமைப்பு, வளைவுகள், அடித்தளம் எல்லாம் ஒரே பார்வையில் தெரிகின்றன. அழிவைக் காட்டுவதாகச் சொல்லிக்கொண்டு, எப்படிக் கட்டியிருக்கிறேன் பார் என்று காட்டுகிற படம். கொஞ்சம் தற்பெருமையும் உண்டு: என் கட்டடம் இடிந்தாலும் ரோம் மாதிரி இடியும் என்கிற பெருமை.

ஆனால் வங்கி அப்படிக் கம்பீரமாக இடியவில்லை. இடம் போதவில்லை என்று 1920களிலும் 30களிலும் ஹெர்பர்ட் பேக்கரின் திட்டப்படி உள்ளே இருந்த சோனின் அறைகள் பெரும்பாலும் அகற்றப்பட்டன. வெளிச்சுவர் மட்டும் மிஞ்சியது. 1980களில் சோனின் அறைகளில் ஒன்றை வங்கி தன் அருங்காட்சியகத்துக்காக மறுபடி கட்டியது. கேண்டியின் ஓவியம் இப்போது சோனின் வீட்டிலேயே, அவர் நாட்டுக்கு விட்டுச்சென்ற அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வங்கிக்குள் நடந்து எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போவார்கள் என்று ஒரு பார்வையில் உணர இன்றைக்கு அதைவிட நல்ல வழி கிடையாது.

இடியாமல் மாறிக்கொண்டே இருக்கும் கட்டடத்துக்கு இஸ்தான்புல்லின் ஹாகியா சோஃபியாவை விடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது கடினம். தேவாலயம், மசூதி, அருங்காட்சியகம், 2020-லிருந்து மறுபடி மசூதி. 1847 முதல் 1849 வரை சுல்தான் அப்துல்மெஜித் அதைப் பழுதுபார்க்கச் சுவிட்சர்லாந்துச் சகோதரர்களான ஃபொசாட்டிகளை அமர்த்தினார். சாந்தைச் சுரண்டியபோது உள்ளிருந்து பைசாந்தியப் பதிகல் ஓவியங்கள் வெளிவந்தன. சகோதரர்கள் அவற்றைச் சுத்தம் செய்து வரைந்துகொண்டு, மறுபடி மூடினார்கள். அவற்றில் சில இப்போது சுவரில் இல்லை, அவர்கள் வரைபடங்களில் மட்டும்தான் இருக்கின்றன. வேறு சில திரும்பி வந்தன: குவிமாடத்தைத் தாங்கும் இடத்திலுள்ள சிறகு தேவதை ஒன்றின் முகத்தை அவர்கள் மூடியிருந்தார்கள், 2009-ல் அந்த மூடி எடுக்கப்பட்டது. ஒரு பழுதுபார்ப்பின் நடுவே கிடைத்த கொஞ்ச காலத்தில் வரைந்த தாள்கள்தான், மூடிய சாந்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அடுத்த தலைமுறைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தன.

சிரியாவின் பல்மைராவுக்கு 1751-ல் ராபர்ட் வுட், ஜேம்ஸ் டாக்கின்ஸ் என்ற இருவர் ஒரு வரைவாளரோடு போய் இடிபாடுகளை அளந்தார்கள். 1753-ல் அது பெரிய படநூலாக வந்தது. அதைப் பார்த்து இங்கிலாந்தில் பணக்கார வீடுகளின் விதானங்களைச் செய்தார்கள். லண்டனுக்கு மேற்கே ஆஸ்டர்லி மாளிகையில் ராபர்ட் ஆடம் அமைத்த வரவேற்பறை விதானம், பல்மைராவின் பேல் கோயிலில் இருந்த செதுக்கலின் தழுவல். 2015 ஆகஸ்டில் ஐஎஸ் அமைப்பு அந்தக் கோயிலை வெடிவைத்து அழித்தது. சுண்ணாம்பில் செய்த ஆங்கிலேய நகல் பத்திரமாக இருக்கிறது.

அதே ஆண்டு அக்டோபரில் வெற்றி வளைவும் தகர்ந்தது. 2016 ஏப்ரலில் லண்டனின் டிரஃபால்கர் சதுக்கத்தில் அதன் நகல் ஒன்று எழுந்தது. நிழற்படங்களிலிருந்து முப்பரிமாண உருவம் செய்து, எகிப்தியப் பளிங்கில் இத்தாலியில் இயந்திரம் கொண்டு செதுக்கியது. உயரம் ஏறக்குறைய 6 மீட்டர், மூலத்தைவிடச் சிறியது. சில நாள் நின்றது, பிறகு வேறு நகரங்களுக்குப் போனது. பலர் பாராட்டினார்கள், பலர் முகம் சுளித்தார்கள். எனக்கும் அது மனதில் ஒட்டவில்லை. கல் புத்தம் புதிதாக, தேய்மானமே இல்லாமல், விளிம்பு கூராக இருந்தது. பெரிய கேள்வி வேறு. பேல் கோயிலின் வளாகத்துக்குள் பல நூற்றாண்டுகளாக ஓர் ஊரே இருந்தது. மண் வீடுகள், குடும்பங்கள், மசூதியாகிவிட்ட கோயில். 1930 வாக்கில் பிரெஞ்சு ஆட்சியில் அந்த ஊரை வெளியே குடியமர்த்தி வீடுகளை அகற்றினார்கள், இடிபாடு சுத்தமாகத் தெரிய வேண்டும் என்று. உலகம் அழுத பல்மைரா அந்தச் சுத்தம் செய்த பல்மைராதான். படநூலுக்கு அளவெடுத்தவர்கள் தூண்களை அளந்தார்கள், குடிசைகளை அளக்கவில்லை. அந்த மண் சுவர்களுக்கு எந்தச் சதுக்கத்திலும் நகல் எழாது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கலைஞர்கள் தோற்றத்தை வரைவதை விட்டு, கட்டடத்தின் மேலேயே கை வைக்கத் தொடங்கினார்கள். கார்டன் மட்டா-கிளார்க் 1974-ல் நியூஜெர்சியில் இடிபட இருந்த ஒரு வீட்டை நடுவில் ரம்பத்தால் இரண்டாக அறுத்து, ஒரு பாதியைக் கொஞ்சம் சாய்த்தார். வெளிச்சம் வீட்டின் குறுக்கே ஒரு கோடாக விழுந்தது. சில மாதங்களில் வீடு இடிந்தது. படங்களும் ஒரு குறும்படமும்தான் மிச்சம்.

ரேச்சல் வைட்ரீட் செய்தது இன்னும் ஆழமாகப் போகிறது. கிழக்கு லண்டனில் குரோவ் சாலை என்ற இடத்தில் வரிசை வீடுகளைப் பூங்காவுக்காக நகராட்சி இடித்து வந்தது. கடைசியாக ஒரே ஒரு வீடு. வைட்ரீட் அதன் உள்சுவர்கள் மேல் கம்பி வலை வைத்துக் கான்கிரீட்டைத் தெளித்துக் கெட்டியாக்கினார். பிறகு வெளிச் செங்கல்லை உரித்து எடுத்தார். மிஞ்சியது வீடு அல்ல, வீட்டுக்குள் இருந்த காற்று, கான்கிரீட்டாக. குழிந்திருந்த கணப்பு அடுப்புகள் இப்போது வெளியே துருத்திக்கொண்டு, கரியின் கறையோடு. படிக்கட்டு, சுவரில் கோணல்மாணலான கோடாக. ஜன்னல்கள் குருடாக. வீட்டில் குடியிருந்தவர்கள் ஒருபோதும் பார்க்காத ஒன்று அது, ஆனால் அவர்கள் நாள் முழுக்க இருந்தது அதற்குள்தான்.

1993 அக்டோபர் 25 அன்று வேலை முடிந்தது. நவம்பர் 23 அன்று வைட்ரீட்டுக்குப் பிரிட்டனின் கலைப் பரிசான டர்னர் பரிசு கிடைத்தது, அதைப் பெற்ற முதல் பெண் அவர். அதே நாள் உள்ளூர் நகராட்சி அந்தப் படைப்பை இடிக்க வாக்களித்தது. ஆதரித்தும் எதிர்த்தும் ஊர் இரண்டு பட்டது. அதன் மேல் யாரோ ‘எதுக்கு?’ என்று எழுத, வேறு யாரோ ‘ஏன் கூடாது!’ என்று பதில் எழுதினார்கள். இரண்டுமே சரியான விமர்சனம் என்றுதான் தோன்றுகிறது. 1994 ஜனவரி 11 அன்று இடித்தார்கள். ஆக, வீட்டின் நினைவுக்காக எழுந்த படைப்பு வீட்டின் வழியிலேயே போய், அதற்கும் இப்போது நிழற்படமே துணை. அந்த வரிசையில் இடிந்த மற்ற வீடுகளைப் பற்றி அன்றைக்குப் பத்திரிகைகளில் ஒரு வரி வந்திருக்குமா என்பது சந்தேகம். கடைசி வீட்டின் கான்கிரீட் உருவம்தான் வீடிழப்பு, வாடகை, பூங்காவா வீடா என்பதையெல்லாம் நாடு முழுக்கப் பேச வைத்தது.

தென் கொரியாவில் பிறந்த தோ ஹோ சுவின் வழி தொடுதல். தான் வாழ்ந்த வீடுகளை ஒளி ஊடுருவும் துணியில், சுவிட்ச், கதவுப்பிடி, குழாய் உட்பட, முழு அளவில் தைக்கிறார். மடித்துப் பெட்டியில் வைத்து எடுத்துப் போகலாம், அதுதான் நோக்கமே. நியூயார்க்கில் பல ஆண்டுகள் குடியிருந்த வாடகை வீட்டை 2016-ல் விட்டுப் போகும் முன் வேறொன்று செய்தார். சுவர், அடுப்பு, குளியலறை ஓடு எல்லாவற்றையும் வெள்ளைத் தாளால் மூடி, வண்ணப் பென்சிலால் தேய்த்துத் தேய்த்துப் பதிவெடுத்தார். நாணயத்தின் மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்க்கிற குழந்தை விளையாட்டுதான், ஒரு வீட்டின் அளவில். சியோலில் பெற்றோரின் மரபு வீட்டையும் வெளிப்புறமெல்லாம் தாள் போர்த்தி இப்படியே தேய்த்தார்.

தேய்க்கும்போது என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு அங்குலத்தின் மேலும் கை போகிறது. எங்கே பூச்சு உப்பியிருக்கிறது, எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது என்று விரல் தெரிந்துகொள்கிறது. படமெடுக்கும்போது கண் தாண்டிப் போகிற இடத்தில் கை நின்றுவிடும். 2012-ல் குவாங்ஜூ நகரில் ஒரு திரையரங்கின் ஊழியர் குடியிருப்பை இதே போலப் பதிந்தபோது, தானும் உதவியாளர்களும் கண்ணைக் கட்டிக்கொண்டு தேய்த்தார்கள். 1980-ல் அந்த நகரில் ராணுவம் மக்கள் எழுச்சியை ஒடுக்கியதும், அந்தச் செய்தியையே நாட்டின் கண்ணிலிருந்து மறைத்ததும் அதற்குப் பின்னணி.

இதெல்லாம் ஆபத்தில்லாத வேலை என்று நினைக்க வேண்டாம். சிகாகோவில் ரிச்சர்ட் நிக்கல் என்ற நிழற்படக்காரர், லூயி சலிவன் கட்டிய கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிபடுவதைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். பிறகு படம் போதாது என்று, இடிக்கும் இடத்துக்குள் புகுந்து அலங்காரத் துண்டுகளைக் கழற்றிச் சுமந்து வரத் தொடங்கினார். பழைய பங்குச் சந்தைக் கட்டடம் இடிந்துகொண்டிருந்தபோது, 1972 ஏப்ரல் 13 அன்று அதற்குள் போனவர் திரும்பவில்லை. இடிபாடு சரிந்து விழுந்திருந்தது. உடல் ஏறக்குறைய நான்கு வாரம் கழித்துக் கிடைத்தது. அந்தக் கட்டடத்தின் வணிகக் கூடம் மீட்ட துண்டுகளோடு சிகாகோ கலை நிறுவனத்துக்குள் மறுபடி அமைக்கப்பட்டது. அதன் வாசல் வளைவு வெளியே நிற்கிறது.

இப்போது லேசர் ஸ்கேன் வந்துவிட்டது, இனி எதுவும் தொலையாது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அதற்கு ஆதாரமாகப் பாரிஸின் நாத்ர் தாம் தேவாலயத்தைச் சொல்வார்கள். கலை வரலாற்றாசிரியர் ஆண்ட்ரூ டாலன் 2010-ல் அதை லேசரால் அளந்து நூறு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளாகப் பதிந்து வைத்திருந்தார். 2019 ஏப்ரல் 15 அன்று தீப்பிடித்தபோது அவர் உயிரோடு இல்லை, தரவு இருந்தது. மறுகட்டமைப்புக்கு உதவியது. 2024 டிசம்பரில் தேவாலயம் திறந்தது. ஆனால் எரிந்துபோன இடைக்கால ஓக் மரக் கூரைச் சட்டத்தை மறுபடி செய்யத் தச்சர்களுக்கு ஒவ்வொரு மரத்தின் அளவும் மூட்டும் வேண்டியிருந்தது. ரெமி ஃபுரோமோன், செட்ரிக் திராந்தசோ என்ற இரண்டு கட்டடக்கலைஞர்கள் 2014-ல் மேலே ஏறி அதைக் கையால் அளந்து வரைந்திருந்தார்கள். வார்சா மாணவர்கள் செய்த அதே வேலை. தீ விபத்துக்கு முன் அந்த வரைபடங்களைப் பார்க்க விரும்பியவர்கள் நிபுணர்கள் மட்டும்தான்.

ஸ்கேன் பெரும்பாலும் பெயர்பெற்ற கட்டடங்களுக்குத்தான் நடக்கிறது. அதன் கோப்புகளுக்கு வயது எவ்வளவு என்ற கேள்வியும் இருக்கிறது. 1086-ல் இங்கிலாந்தில் எடுத்த நிலக் கணக்கான டூம்ஸ்டே நூலின் 900-வது ஆண்டை ஒட்டி, பிபிசி 1986-ல் ஒரு புதிய டூம்ஸ்டேயை உருவாக்கியது. பெரும்பாலும் பள்ளிக் குழந்தைகள், பத்து லட்சம் பேருக்கும் மேல், தங்கள் ஊரைப் படமெடுத்தும் எழுதியும் அனுப்பினார்கள். அரண்மனைகளை விட அதில் அதிகம் இருந்தவை பள்ளி, தெருமுனை, கடை, பேருந்து நிறுத்தம், அதாவது யாரும் ஸ்கேன் எடுக்க வராத இடங்கள். எல்லாவற்றையும் லேசர் தட்டுகளில் ஏற்றினார்கள். பதினைந்தே ஆண்டுகளில் அந்தத் தட்டைப் படிக்கும் கருவி அரிதாகிவிட்டது. 1086-ன் தோல் ஏடுகளை அப்போதும் திறந்து படிக்க முடிந்தது. வல்லுநர்கள் பாடுபட்டுத் தரவை மீட்டார்கள். 2011-ல் பிபிசி அதை இணையத்தில் போட்டு, அதே இடங்களின் இன்றைய படத்தை அனுப்பச் சொன்னது. 2018-ல் அந்த இணையதளமும் மூடப்பட்டு, உள்ளடக்கம் பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.